ஃபாஸ்டர் அறைக்கு வாங்கும் பொருள்கள்: எது கழுவத் தாங்கும், எது தாங்காது

வீட்டில் ஏற்கெனவே பூனைகள் இருக்க, மீட்கப்பட்ட இன்னொரு பூனை ஃபாஸ்டருக்கு, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிக வளர்ப்புக்கு, வரப்போகிறது என்றதும் கை முதலில் போவது மெத்தென்ற படுக்கை, துணிக் குகை, கயிறு சுற்றிய கீறல் மரம் இவற்றின் மேல்தான். புதுப் பூனையை வீட்டுப் பூனைகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைக்கும் முதல் 14 நாளுக்கு இந்த மூன்றுமே ஆகாதவை. வருகிற பூனைக்குள் பான்லூக்கோபீனியா, அதாவது பூனைகளின் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய், இருந்துவிட்டால் அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூட வீரியம் குறையாமல் கிடக்கும். படர்தாமரை இருந்தால் உதிரும் ஒவ்வொரு முடியிலும் பூஞ்சை வித்துகள் ஒட்டிக்கொண்டு துணியின் இழைக்குள் போய் உட்காரும். அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியால் அளந்திருக்கிறோம். கழுவித் தொற்று நீக்க முடியுமா? முடியாது என்றால் தயங்காமல் தூக்கி எறியக்கூடிய மலிவுப் பொருளா? இரண்டும் இல்லாத எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், தனிமை அறையின் கதவைத் தாண்டக் கூடாது.

14 நாள் கணக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடலாம். பான்லூக்கோபீனியா தொற்றிய பூனை பெரும்பாலும் 2 முதல் 10 நாளுக்குள், கடைசியாகப் போனால் 14 நாளுக்குள், அறிகுறி காட்டிவிடும். சளிக்காய்ச்சல் வகைகளும் அந்தக் காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும். படர்தாமரையும் ரத்தப்புற்று வைரஸான எஃப்.ஈ.எல்.வி.யும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்கு வேறு கருவிகள் வேண்டும், கீழே வருகின்றன.

கூண்டு

தனி அறை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. அறைக்குள் ஒரு கூண்டும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்: தரை கழுவும்போது, மருந்து கொடுக்கும்போது, பயந்த பூனை அலமாரிக்குப் பின்னால் போய் அடைந்துகொள்ளாமல் இருக்க. ஆனால் கூடத்தின் மூலையில் வைத்த கூண்டைத் தனிமைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். பூனை தும்மினால் சளித்துளி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போகும். வீட்டுப் பூனை கம்பிக்கு வெளியே உட்கார்ந்து மூக்கை நீட்டினால் அந்தக் கூண்டு இருந்தும் இல்லாததுதான்.

பூனைக்கென்று விற்கும் கூண்டுகளைவிட, நாய்க்கென்று விற்கும் மடக்குக் கம்பிக் கூண்டு நல்ல தேர்வு. 42 அங்குல அளவு வாங்குங்கள். நீளம் சுமார் 107 செ.மீ., அகலம் 71 செ.மீ. வளர்ந்த பூனை ஒன்றுக்குக் குறைந்தது 8 சதுர அடித் தரை வேண்டும் என்பது காப்பக மருத்துவர்களின் வழிகாட்டு அளவு. 42 அங்குலக் கூண்டு அதைச் சற்றே தாண்டுகிறது. அடுத்த சிறிய அளவான 36 அங்குலம் 6 சதுர அடிக்குள் நின்றுவிடுகிறது. இந்த வித்தியாசம் காகிதத்தில் மட்டும் தெரிவதல்ல. சாப்பாடு, படுக்கை, லிட்டர் பெட்டி (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டி) மூன்றும் ஒன்றுக்கொன்று 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். 36 அங்குலத்தில் அந்தத் தூரம் கிடைக்காது. லிட்டர் பக்கத்தில் சாப்பாடு வைத்தால் பூனை சாப்பாட்டை விடும், அல்லது லிட்டர் பெட்டியில் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து நோய் என்று மிரளுவோம்.

இந்தக் கூண்டுகளின் குறைகள் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானவை. முதலாவது, அடித்தட்டு. மெல்லிய பிளாஸ்டிக் தட்டின் மூலை சில மாதத்தில் கீறும், சிறுநீர் கீழே இறங்கித் தரையில் காயும், மேலே எவ்வளவு துடைத்தாலும் நாற்றம் போகாது. வாங்கும்போதே தட்டின் ஓரம் 2 செ.மீ.யாவது எழும்பி இருக்கிறதா, மாற்றுத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டாவது, கம்பிகளின் பூச்சு. ப்ளீச் தண்ணீர் பட்டுப் பட்டு, வெல்டு வைத்த இடங்களில் பூச்சு உரிந்து துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் ப்ளீச்சுக்குப் பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசி, துடைத்து உலர்த்தினால் ஆயுள் கூடும். மூன்றாவது, தாழ்ப்பாள். சறுக்குத் தாழ்ப்பாளைக் காலால் தூக்கித் திறக்கும் பூனைகள் உண்டு, ஒரு சிறு சாவிவளையக் கொக்கி போட்டால் தீர்ந்தது. நான்காவதுதான் ஆபத்தானது: கம்பி இடைவெளி. குட்டியின் தலை நுழைகிற இடத்தில் உடலும் நுழையும். தலை நுழைந்து உடல் மாட்டிக்கொள்வது அதைவிட மோசம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டி என்றால் கூண்டின் கீழ்ப்பகுதி 30 செ.மீ. உயரத்துக்கு நெளிவுப் பிளாஸ்டிக் தகடு வைத்து கேபிள் டையால் கட்டிவிடுங்கள். தும்மல் துளிக்கும் அது ஒரு தடுப்பு.

வலைத்துணியில் வரும் மடக்குக் கூடாரங்கள் பார்க்க அழகு, எடையும் குறைவு. தனிமைக் காலத்துக்கு வேண்டவே வேண்டாம். ஜிப்பின் முனையில் நகம் வைத்து உள்ளிருந்தே திறந்துவிடும், வலை கிழியும், தையல் மடிப்புக்குள் போன கழிவை எதைக் கொண்டும் எடுக்க முடியாது. நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு குட்டிகள் விளையாட வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றடுக்குப் பூனைக் கூண்டுகளில் மேல்தட்டுகளைக் கழற்ற முடிகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. 4 வாரக் குட்டி ஏறும், இறங்கத் தெரியாது. கம்பளம் ஒட்டிய தட்டு என்றால் வாங்காதீர்கள்.

கதவும் தடுப்பும்

கதவுக்கு அடியில் உள்ள சந்துதான் எல்லோரும் மறக்கும் இடம். அதன் வழியாக லிட்டர் தூசியும் முடியும் வரும், வீட்டுப் பூனையின் முன்னங்காலும் போகும். கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டை போதும். பிரஷ் வகைப் பட்டையைத் தவிர்க்கவும், முடியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 14 நாள் முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு இதே பட்டையைக் கழற்றிவிடலாம். கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்து மணத்துக்குப் பழக்கும் கட்டத்தில் அந்தச் சந்து உதவி செய்யும்.

அடுத்த கட்டத்துக்கு, பூனைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும் என்று குழந்தைகளுக்கான தடுப்புக் கதவை வாங்குகிறார்கள். அதன் உயரம் சுமார் 75 செ.மீ. ஒரு பூனைக்கு அது படி மாதிரி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாட்டினால் உயரம் போதும், ஆனால் அழுத்தி நிறுத்தும் வகை என்றால் மேல் தடுப்பின்மேல் 5 கிலோ பூனை பாயும்போது சரிந்து விழும். விழுந்த சத்தமும் எதிரில் நின்ற புதுப் பூனையும் ஒன்றாக மனதில் பதிந்துவிட்டால் அறிமுகத்தைப் பல வாரம் பின்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும். திருகாணி வைத்துச் சுவரில் பூட்டும் வகை மட்டும் வாங்குங்கள். அதைவிடவும் தச்சரிடம் சொல்லி, நிலைக்குப் பொருந்தும் மரச்சட்டத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலை அடித்த கதவு செய்துகொள்வது நல்லது. முதல் நாளில் அதன்மேல் ஒரு விரிப்பை முழுக்கத் தொங்கவிட்டு, இரு பக்கமும் அமைதியாகச் சாப்பிடச் சாப்பிட, நாளுக்குக் கை அகலம் என்று உயர்த்துங்கள். சாப்பிடுவதை நிறுத்தி உற்றுப் பார்த்தால், காது மடங்கினால், முந்தைய நாள் அளவுக்கு விரிப்பை இறக்குங்கள்.

கிருமிநாசினி: பணம் போக வேண்டிய இடம்

இந்தப் பட்டியலில் மிக மலிவானதும் மிக வேலை செய்வதும் சாதாரண வீட்டு ப்ளீச்தான். புட்டியில் 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருந்தால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு 30 மி.லி. சற்று மேல். 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். புட்டியில் பாதி வலுதான் இருக்கிறது என்றால் அளவை இரட்டிப்பாக்குங்கள். சதவீதமே அச்சிடாத புட்டியையும் மணமூட்டிய வகையையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ப்ளீச் தோற்றுப்போகும் இடங்கள் எல்லாம் தெரிந்தவைதான், ஆனாலும் தினமும் நடக்கின்றன. அது அழுக்கு நீக்கி அல்ல. மலம், வாந்தி, முடி, தூசி எது இருந்தாலும் குளோரின் அதோடு வினை புரிந்து தீர்ந்துவிடும், வைரஸுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசி, அதன் பிறகுதான் ப்ளீச். சிறுநீர் கிடக்கும் இடத்தில் நேரே ஊற்றினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு வரும். அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்து வைத்த தண்ணீர் மறுநாளைக்கு ஆகாது, வெளிச்சத்தில் வலு இறங்கிவிடும். மரம், தரைவிரிப்பு, சோபா இவற்றின்மேல் ப்ளீச்சால் பயனில்லை. இன்னொரு தவறு தெளிப்பான். பனி போல் தெளித்த ப்ளீச் 3 நிமிடத்தில் காய்ந்துவிடும். 10 நிமிடம் என்பது ஈரத்தோடு நிற்கும் 10 நிமிடம், அதனால் துணியால் தாராளமாக ஊற விடுங்கள், நடுவில் ஒருமுறை மறுபடி நனையுங்கள். பிறகு அலசி, நன்றாகக் காய்ந்து மணம் போனதும் பூனையை விடுங்கள்.

இந்த இரட்டை வேலை வேண்டாம் என்பவர்களுக்கு ஆக்சிலரேட்டட் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. ‘ரெஸ்க்யூ’ என்ற பெயரில் காப்பகங்களில் அதிகம் புழங்குவது இதுதான். அடர் திரவத்தை 1-க்கு 16 என்று கலந்தால் 5 நிமிடத்தில் பார்வோவைக் கொல்லும். கலவையிலேயே அழுக்கு நீக்கியும் இருப்பதால் ஓரளவு அழுக்கின்மேலும் வேலை செய்யும், ப்ளீச் மாதிரி உலோகத்தை அரிக்காது, மூச்சையும் அடைக்காது. மாதம் இரண்டு மூன்று முறை ஃபாஸ்டர் எடுப்பவருக்கு இது வாங்கத் தகுந்தது. வருடத்துக்கு ஒரு பூனை என்றால் ப்ளீச்சே போதும். மருந்துக்கடையில் சிறு புட்டியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் இதுவும் ஒன்றல்ல, பெயர் ஒத்திருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விர்கான் போன்ற பொட்டாசியம் பெராக்சிமோனோசல்ஃபேட் தூள் மூன்றாவது தேர்வு. லிட்டருக்கு 10 கிராம், 10 நிமிடம். இளஞ்சிவப்பு நிறம் மங்கினால் வலு போய்விட்டது என்று கண்ணுக்கே தெரிவது இதன் நல்ல குணம். கலக்கும்போது தூள் மூக்கில் ஏறினால் எரிச்சல் எடுக்கும், முகக்கவசம் போட்டுக் கலக்குங்கள். உலோகத்தில் அலசாமல் விட்டால் அரிக்கும்.

இனி வாங்கக் கூடாதவை. தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் திரவங்களும், ஃபீனால் வகைத் தரை கழுவிகளும் பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரல் ஃபீனாலைச் சிதைத்து வெளியேற்றும் திறனில் மிகக் குறைவானது. ஈரத் தரையில் நடந்து காலை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். ‘எல்லாக் கிருமிக்கும்’ என்று விற்கும் பென்சால்கோனியம் குளோரைடு வகைகள் சளிக்காய்ச்சல் வைரஸ்கள் சிலவற்றைக் கொல்லும், பார்வோவுக்கு நம்ப முடியாது. காய்வதற்குள் பூனை நக்கினால் நாக்கு வெந்து புண்ணாகி, சாப்பாடு இறங்காமல் போகும். ஆல்கஹால் ஜெல் பார்வோவை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், அறைக்குள் மட்டும் போடும் கையுறையும்தான் வழி. வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்துச் செருப்புக் காலை முக்கி எடுப்பதும் வீண். ஒரு நொடி முக்கினால் 10 நிமிடக் கணக்கு எங்கிருந்து வரும்? அறைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், மேலே போட ஒரு பழைய முழுக்கைச் சட்டையும் கதவுக்கு உள்ளேயே தொங்கட்டும். வேலை வரிசையும் முக்கியம்: வீட்டுப் பூனைகளுக்குச் சாப்பாடு, லிட்டர் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் ஃபாஸ்டர் அறைக்குள் போக வேண்டும்.

லிட்டர் பெட்டி, மணல், விரிப்பு

மூடி போட்ட பெட்டி வேண்டாம். பயந்த பூனை உள்ளே போகாது, உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியாது. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தில் ஒன்றரை மடங்கு நீளப் பெட்டி போதும். துணி அடுக்கும் தாழ்ந்த பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் மழுக்கினால் கடைப் பெட்டியைவிட நன்றாக இருக்கும். அடியில் நகக் கீறல் விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், அந்தக் கீறல்களுக்குள் கிருமிநாசினி போவதில்லை. கரண்டி அறைக்கு ஒன்று, வேறு நிறத்தில். வெளியே உள்ள கரண்டியை அவசரத்துக்குக்கூட உள்ளே எடுத்துப் போகாதீர்கள்.

8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குக் கட்டியாகும் களிமண் லிட்டர் கூடாது, அவை மணலைத் தின்று பார்க்கும் வயது. காகித உருண்டையோ மர உருண்டையோ போதும். வளர்ந்த பூனைக்குக் கட்டியாகும் வகைதான் நல்லது, ஏனென்றால் அது ஒரு கண்காணிப்புக் கருவியும்கூட. நாளுக்கு 2 முதல் 4 சிறுநீர்க் கட்டி வழக்கம். ஆண் பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து, கட்டி ஒன்றுகூட இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே மருத்துவமனைக்கு எடுத்துப் போகவேண்டும். தெருவில் வளர்ந்த பூனை லிட்டரையே கண்டிராது. முதல் சில நாள் மேலே ஒரு கை மண் தூவினால் பிடித்துக்கொள்ளும்.

குட்டிகளுக்கு அடிக்கடி வரும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு ப்ளீச் வேலை செய்யாது. கொதிநீர் அல்லது நீராவிதான். அதன் முட்டைகள் வெளியே வந்து பக்குவமான பிறகே அடுத்த பூனைக்குத் தொற்றும் என்பதால், மலத்தைக் கிடக்க விடாமல் அவ்வப்போது அள்ளுவதே பாதி வைத்தியம். கையில் பிடிக்கும் சிறு நீராவிக் கருவி ஒன்று இங்கே பயன்படும். முனையை மெதுவாக நகர்த்த வேண்டும், வேகமாக ஓட்டினால் ஈரம் மட்டும்தான் மிச்சம்.

விரிப்புக்கு ஃப்ளீஸ் துணி. டர்க்கித் துண்டின் வளைய நூலில் குட்டியின் நகம் மாட்டும். படர்தாமரை பட்ட துணியைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. இயந்திரத்தைப் பாதி மட்டும் நிரப்பி, நீண்ட சுற்றில் இரண்டு முறை துவைத்தால் வித்துகள் அலசிப் போய்விடும். இங்கே வேலை செய்வது சூடு அல்ல, தண்ணீரில் நன்றாகக் கலங்குவது. அடைத்துத் திணித்தால் துணி கலங்காது, வித்தும் போகாது.

காசில்லாத பொருள் ஒன்று

படுக்கை, துணிக் குகை எல்லாவற்றையும்விட அட்டைப்பெட்டி மேல். 2014-இல் வெளியான நெதர்லாந்து காப்பக ஆய்வு ஒன்றில் 19 பூனைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒளிய ஒரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளின் மன அழுத்தம் முதல் சில நாளிலேயே விரைவாகத் தணிந்தது. பெட்டியில் இரண்டு வாசல் வெட்டுங்கள், ஒன்று முன்னே, ஒன்று பக்கவாட்டில். அழுக்கானால் எரித்துவிடலாம் அல்லது குப்பையில் போடலாம், வேறொன்று வைக்கலாம். இந்த அறைக்காகவே செய்யப்பட்ட பொருள் போல இருக்கிறது.

தராசு

குட்டிகள் வந்தால் சமையலறைத் தராசு இல்லாமல் இருக்கக் கூடாது. 1 கிராம் துல்லியம், 5 கிலோ வரம்பு, மேலே வைக்க ஒரு கிண்ணம். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுக்கும் முன் எடை பார்த்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் ஏறவே இல்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடும் நேரம் அது. பார்வைக்குக் குட்டி வாடித் தெரிவதற்கு ஒரு நாள் முன்னால் தராசில் தெரிந்துவிடும். வளர்ந்த பூனைக்கு இது போதாது, 10 கிராம் படியில் காட்டும் குழந்தைத் தராசு வேண்டும். புது இடத்தில் சாப்பிடாமல் கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்ததற்கு, இரண்டு நாள் பட்டினியே ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாக முடியும்.

புற ஊதா டார்ச்

படர்தாமரைக்குக் காரணமான மைக்ரோஸ்போரம் கேனிஸ் பூஞ்சை பிடித்த முடி, புற ஊதா ஒளியில் ஆப்பிள் பச்சையாக ஒளிரும். மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அவற்றில் ஊதா வெளிச்சமே கண்ணை நிரப்பும், பச்சை தெரியாது. 365 நானோமீட்டர், கண்ணாடி வடிகட்டியோடு வருவதை வாங்குங்கள். அறையை இருட்டாக்கி, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு முகம், காது ஓரம், பாதம் என்று மெதுவாகப் பாருங்கள். முடியின் வேர்ப்பக்கத் தண்டு பச்சையாக ஒளிர்ந்தால்தான் கணக்கு. பொடுகும் நூல்தூசியும் நீலவெள்ளையாக மின்னும், களிம்பு பூசிய இடமும் ஒளிரும், அவை படர்தாமரை அல்ல. பூனையின் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. ஒளிரவில்லை என்பதால் நோயில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. முடி உதிர்ந்த வட்டம் இருந்தால் மருத்துவர் பல்துலக்கியால் உடல் முழுக்கத் தேய்த்து எடுக்கும் பூஞ்சை வளர்ப்புப் பரிசோதனைதான் தீர்ப்பு. அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், தனிமைக் காலமும் அதோடு நீளும். இது மனிதருக்கும் ஒட்டும் நோய்.

மருத்துவரிடம் வாங்க வேண்டியவை

எஃப்.ஈ.எல்.வி., பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸான எஃப்.ஐ.வி. இரண்டையும் ஒரே துளி ரத்தத்தில் பார்க்கும் கிட் நல்ல பொருள், ஆனால் ஒருமுறை நெகட்டிவ் வந்ததும் கதவைத் திறந்துவிடுவதுதான் பெரிய பிழை. அண்மையில் தொற்றியிருந்தால் கிட்டில் தெரியாது. எஃப்.ஈ.எல்.வி.க்கு 30 நாள் கழித்தும், எஃப்.ஐ.வி.க்கு 60 நாள் கழித்தும் மறுபடி பார்க்க வேண்டும். எஃப்.ஐ.வி. கிட் பார்ப்பது எதிர்ப்பொருளை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளால் 6 மாதத்துக்குக் குறைந்த குட்டி பாசிட்டிவ் காட்டிப் பிறகு தெளிவதும் உண்டு, அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். எஃப்.ஈ.எல்.வி. எச்சிலில் பரவும், ஒரே தட்டும் ஒன்றையொன்று நக்குவதும் போதும். எஃப்.ஐ.வி. பெரும்பாலும் ஆழமான கடியில். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் வீட்டுப் பூனைக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட முடியும். வீட்டுப் பூனைகளின் அடிப்படைத் தடுப்பூசிகள் நடப்பில் இருக்கின்றனவா என்பதை ஃபாஸ்டர் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வந்த பிறகு ஓடுவது தாமதம்.

தெள்ளுக்கு, நெருக்கமான பல்லுள்ள உலோகச் சீப்பு. வாரி எடுத்த கறுப்புத் துகளை ஈர வெள்ளைக் காகிதத்தில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும், தெள்ளின் எச்சம் என்று உறுதி. பிடரியில் விடும் சொட்டு மருந்து வாங்கும்போது வயது, எடை வரம்பு பாருங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையின் உயிரைப் பறிக்கும். ‘கொஞ்சமாக’ விட்டாலும் அப்படித்தான்.

ஃபெலிவே, சிப் தட்டு: பொறுத்து வாங்கலாம்

ஃபெலிவே என்பது மின்செருகியில் மாட்டி, பூனையை அமைதிப்படுத்தும் மணத்தைப் பரப்பும் புட்டி. அதன் கிளாசிக் வகை, பூனை கன்னத்தைத் தேய்த்து விடும் முகமணத்தின் செயற்கை வடிவம். மல்டிகேட் வகை, பால் கொடுக்கும் தாய்ப்பூனையின் மணத்தை ஒட்டியது, பூனைகளுக்குள் நடக்கும் சண்டைக்கென்று விற்கப்படுவது. ஒரு புட்டி 30 நாள், பரப்பு 50 முதல் 70 சதுர மீட்டர். ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. சிலவற்றில் பதற்றம் குறைந்தது, சிலவற்றில் வெறும் புட்டிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. வாங்கினால் சரியாக வையுங்கள்: கட்டிலுக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் செருகினால் எண்ணெய் அங்கேயே படிந்துவிடும். அறிமுகம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே, வீட்டுப் பூனைகள் அதிகம் இருக்கும் அறையில் மாட்டுங்கள். தனிமை அறையில் காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறந்திருக்கும், அங்கே மாட்டுவது வீண்செலவு. கழுவும் சாமான்களும் வலைக் கதவும் வாங்கிய பிறகு பணம் மிஞ்சினால்தான் இதற்கு முறை வரும்.

ஷ்யூர்ஃபீட் மைக்ரோசிப் தட்டு, தோலுக்கடியில் உள்ள அடையாளச் சிப்பை வைத்து, அதில் பதிந்த பூனை வந்தால் மட்டும் மூடி திறப்பது. வீட்டுப் பூனை சிறுநீரக உணவிலும் ஃபாஸ்டர் குட்டி கொழுத்த குட்டி உணவிலும் இருக்கும் வீட்டுக்கு இது உண்மையிலேயே பயன்படும். சிப் இல்லாத பூனைக்குக் கழுத்துப்பட்டையில் மாட்டும் அடையாள வில்லை கூடவே வருகிறது. 4 பெரிய சி அளவு பேட்டரி வேண்டும். ஆனால் யாருக்கு வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மூடி நகரும் சத்தத்துக்குப் பூனை பழக நாள்கள், சிலவற்றுக்கு வாரங்கள்கூட ஆகும். பழகி முடிக்கும்போது ஃபாஸ்டர் பூனை வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் தட்டு வீட்டுப் பூனையின் மருத்துவ உணவுக்கு, ஃபாஸ்டருக்கு அல்ல. குறை ஒன்று உண்டு: திறந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் இன்னொரு பூனை தலையை நுழைக்கும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பாதி தீரும், பின்பக்க மூடி தனியாக வாங்கினால் மீதியும் தீரும்.

ஃபாஸ்டர் பூனை போன பிறகு

அட்டைப்பெட்டி, கீறல் விழுந்த லிட்டர் பெட்டி, மிச்ச மணல், கயிறு சுற்றிய பொம்மை எல்லாம் இரட்டைப் பையில் கட்டி வெளியே. எஃகுத் தட்டு, கரண்டி, கேரியர் (பூனையைத் தூக்கிச் செல்லும் பெட்டி), கூண்டு, ரப்பர் செருப்பு எல்லாம் சோப்பு, அலசல், ப்ளீச் 10 நிமிடம், மறுபடி அலசல், வெயில். கேரியரின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிரித்துக் கழுவ வேண்டும், இணைப்பு விளிம்பின் பள்ளத்தில்தான் முடி சேரும். வாங்கும்போதே, திருகாணி இல்லாமல் பக்கத் தாழில் பிரியும் வகையாகப் பாருங்கள். பான்லூக்கோபீனியா உறுதியான அறை என்றால், எத்தனை முறை கழுவினாலும், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே ஒரு வருடத்துக்கு வைக்காதீர்கள். தடுப்பூசி முழுதாகப் போட்ட வளர்ந்த பூனைகளை மட்டும் எடுங்கள்.